மிளகு படிப்பது என் காலடியை

கோவையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த மனை பல வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது. ஐந்து சென்ட் இடம். உரிமையாளர் திருப்பூரில் இருக்கிறார். "சுத்தமா வச்சுக்கிட்டாப் போதுமுங்க, என்ன வேணாலும் பண்ணிக்கங்க" என்று அவர் போனில் சொன்ன அன்றைக்கே மண்வெட்டியோடு இறங்கிவிட்டேன். பார்த்தீனியத்தைப் பிடுங்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நெருஞ்சி முள்ளைப் பொறுக்க இன்னும் ஒரு வாரம். அப்புறம் உடைந்த பாட்டில், கட்டுக்கம்பி, ஓட்டுத்துண்டு. உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து நகர்ந்து, கையால் தடவிப் பார்த்த பிறகுதான் அந்தத் தரையை நம்பினேன். அதில் செருப்பில்லாமல் ஓடப்போவது மிளகு.

மிளகு நாட்டு நாய். காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியை என் மகன் துண்டில் சுற்றித் தூக்கி வந்தான். கறுப்பு உடம்பு, நெஞ்சில் ஒரு வெள்ளைக் கீற்று, மெலிந்த நீளக் கால்கள். இன்றைக்கு 17 கிலோ. காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப் போவோம். ஆனாலும் தெம்பு தீராது. கறிவேப்பிலைக் கன்றைத் தோண்டுவாள், வாசலில் கிடக்கும் செருப்பைக் கடிப்பாள், குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்குவாள். இத்தனை வேகமும் இத்தனை பயமும் ஒரே உடம்பில் எப்படி இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அவளோடு சேர்ந்து செய்ய ஏதாவது வேலை வேண்டும் என்று தேடியபோதுதான் அஜிலிட்டி என்ற நாய் விளையாட்டு கண்ணில் பட்டது.

வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வரிசையாகத் தடைகள். தாண்டும் கம்பிகள், நுழைந்து போகும் குழாய், வளைந்து வளைந்து ஓட வேண்டிய கம்பங்கள், ஏறி இறங்கும் பலகை, சீசா. ஒரு மனிதர் கூடவே ஓடி வழிகாட்ட, நாய் அத்தனையையும் வரிசை மாறாமல் முடிக்க வேண்டும். கழுத்தில் கயிறு கிடையாது, நாயைத் தொடக்கூடாது, கையில் தின்பண்டமோ பொம்மையோ இருக்கக்கூடாது. ஓட்டத்துக்கு முன்னால் நாயில்லாமல் களத்தை ஒருமுறை நடந்து பார்க்க மனிதருக்குச் சில நிமிடம் தருவார்கள். நாய்க்கு அதுவும் இல்லை. அது அந்தப் பாதையைப் பார்ப்பதே ஓடும்போதுதான். அப்படியானால் அடுத்தது எது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

விளையாட்டு பிறந்த கதை சின்னது. 1978இல் லண்டனில் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி நடந்தபோது, இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் கூட்டத்தை உட்கார வைக்க ஏதாவது வேண்டியிருந்தது. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஜான் வார்லி, நாய்ப் பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல்லிடம் கேட்டார். குதிரைகள் தடை தாண்டும் போட்டியை மனதில் வைத்து அவர்கள் நாய்களுக்கு ஒரு களம் அமைத்தார்கள். கூட்டத்துக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. 1980இல் அங்குள்ள நாய் வளர்ப்போர் அமைப்பான கென்னல் கிளப் அதை விதிமுறைகளோடு ஏற்றுக்கொண்டது. 1996இல் சுவிட்சர்லாந்தில் உலகப் போட்டியே நடந்தது.

பெரிய போட்டிகளைப் பார்த்தால் ஆடு மேய்க்கும் இனமான பார்டர் கோலி நாய்கள்தான் அதிகம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, நாட்டு நாய்க்கு இதெல்லாம் வராது என்று என்னிடம் சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மதில் மேல் ஏறி, சந்தில் திரும்பி, வண்டிக்கு விலகி ஓடிப் பிழைத்த வம்சம் அது. உடம்பில் ஒரு கிராம் வீண் சதை கிடையாது. ஒரே வித்தியாசம், சொன்னதையே பத்துத் தடவை செய்யச் சொன்னால் செய்யாது. மிளகுக்கு மூன்று தடவைதான் கணக்கு. நான்காவது தடவைக்கு வேலியோரம் போய் மோப்பம் பிடிக்க ஆரம்பித்துவிடுவாள். அந்தக் கணக்கை மதித்தால் அவளைப் போல உழைக்கும் நாய் வேறில்லை.

முதல் வேலையாகக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். இதை யாரும் தள்ளிப்போட வேண்டாம். வளரும் நாயின் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டுகள் இருக்கும். அவை மூடிக் கெட்டிப்பட ஏறக்குறைய 12 முதல் 18 மாதம் ஆகும், பெரிய உடம்புள்ள நாய்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. அதற்கு முன்னால் உயரமாகத் தாண்ட விட்டால் மூட்டு வாழ்நாளுக்கும் கெடலாம். சர்வதேசப் போட்டியில் 18 மாதம் ஆகாத நாயைச் சேர்க்காததும் அதனால்தான். மிளகுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. மருத்துவர் இடுப்பையும் முழங்காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். விலாவைத் தடவினார். "எலும்பு கைக்குத் தட்டுப்படுது, கண்ணுக்குத் துருத்தலை. இதே எடையில வச்சிருங்க" என்றார். எடை கூடிய நாய் தாண்டி இறங்கும்போது அத்தனை பாரமும் முன்னங்காலில்தான் விழுகிறது.

அப்புறம் பைப் கடை. முக்கால் இஞ்சு பிவிசி பைப், டீ, எல்போ, எண்ட் கேப் என்று அடுக்கச் சொன்னதும் கடைக்காரர் கேட்டார், "என்னங்கக்கா, பந்தல் போடறீங்களா?"

"இல்லீங்க தம்பி, நாய் தாண்டறதுக்கு."

"நாய்க்குங்களா?" என்று ஒரு நிமிஷம் யோசித்தவர், பைப்பை நீளவாக்கில் பிளந்து சின்னச் சின்னக் கொக்கிகளாக வெட்டித் தந்தார். கம்பி அதில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், கால் பட்டால் கீழே விழுந்துவிட வேண்டும் என்று நான் சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். வீட்டில் தடை செய்பவர்கள் தவறவிடக் கூடாத விஷயம் இது. கம்பியை இறுக்கிக் கட்டிவிட்டால், இடித்த நாய் தலைகுப்புற விழும். குழந்தைகள் விளையாடும் துணி டன்னல் ஒன்று, நான்கு பழைய பிளாஸ்டிக் குடம், அடுக்கி வைக்க மணல் மூட்டை. எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்க்குள் அடங்கியது.

பொருள் வந்துவிட்டது, உடனே தாண்ட வைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் முதல் மூன்று வாரம் கம்பியை எடுக்கவே இல்லை. வெறும் தரையில் சேர்ந்து ஓடுவது மட்டும்தான். எனக்கு வலப்பக்கம் ஒரு சுற்று, இடப்பக்கம் ஒரு சுற்று. நடைக்குக் கூட்டிப் போய்ப் பழகிய நாய்க்கு ஒரு பக்கம்தான் பழகியிருக்கும், மறுபக்கம் கூச்சமாக இருக்கும். அஜிலிட்டிக்கு இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். அவித்த கோழி ஈரலைச் சுண்டு விரல் நகமளவு வெட்டி டப்பாவில் வைத்துக்கொள்வேன். கருவாடு கொடுத்தால் பறந்து வருவாள், ஆனால் அதில் உப்பு அதிகம், வேண்டாம்.

ஈரலை எங்கே கொடுப்பது என்பதில் ஒரு பெரிய பாடம் இருந்தது. ஆரம்பத்தில் அவள் தாண்டியதும் என் கையிலிருந்து கொடுத்தேன். நாலு நாளில் என்ன ஆனது? கம்பியைத் தாண்டும்போதே தலையை என் பக்கம் திருப்பி, காற்றிலேயே வளைந்து, கோணலாக இறங்க ஆரம்பித்தாள். தீனி எங்கே கிடைக்குமோ அங்கேதானே கண் போகும். அப்புறம் அவள் தாண்டும்போது முன்னால், நேர்கோட்டில், தரையில் ஈரலை எறியத் தொடங்கினேன். இரண்டே நாளில் உடம்பு நேரானது. வாயால் திருத்த முடியாததை அந்தத் துண்டு விழுந்த இடம் திருத்தியது.

குடத்தைச் சுற்றுவதுதான் அவள் கற்ற முதல் வித்தை. பாதி மணல் நிரப்பிய நீலக் குடம். குடத்துக்கு ஒரு அடி முன்னால் நின்று, அதைச் சுற்றிக் கையை வளைத்தால் அவளும் சுற்றுவாள், ஈரல். பிறகு இரண்டடி, ஐந்தடி, பத்தடி. தூரத்திலிருந்தே "குடம்" என்றால் போய்ச் சுற்றிவிட்டு என்னை நோக்கிப் பறந்து வருவாள். அதன் பக்கத்தில் கம்பியைத் தரையில் போட்டேன். பிறகு ஒரு செங்கல் உயரம். பிறகு ஒரு முழத்துக்கும் குறைவு, 30 சென்டிமீட்டர். போட்டியில் அவள் தோள் உயரத்துக்கு 55, 60 சென்டிமீட்டர் வைப்பார்கள். நாங்கள் இன்றைக்கும் 35ஐத் தாண்டவில்லை. ஆசைக்குச் செய்பவர்களுக்கு அது போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

சொற்களிலும் ஒரு சிக்கல் வந்தது. டன்னலுக்குப் "பொந்து" என்றும், கம்பிக்குத் "தாண்டு" என்றும் வைத்திருந்தேன். மூச்சிரைக்க ஓடிக்கொண்டே சொல்லும்போது இரண்டும் "ந்து" "ண்டு" என்று ஒரே மாதிரி விழுந்தன. அவள் நடுவில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். கம்பிக்கு "எகிறு" என்று மாற்றினேன். குழப்பம் தீர்ந்தது.

டன்னலைப் பற்றி அவளுக்குப் பயம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. துணி டன்னலை முதலில் அமுக்கிக் குறுக்கி வைத்தேன், வளையம் போலத்தான் இருந்தது. அந்தப் பக்கம் என் மகன் உட்கார்ந்து கூப்பிட்டான், இவள் நுழைந்தாள். தினமும் ஒரு சாண் நீட்டினோம். ஒரு வாரத்தில் முழு நீளம். டன்னல் உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பயம் வந்தது பலகையில், அதுவும் என் அவசரத்தால். சீசாவுக்குப் பழக்கலாம் என்று ஒரு நீளப் பலகையை நடுவில் செங்கல் வைத்துப் போட்டேன். அவள் நடுவரை வந்ததும் பலகை சாய்ந்து, நுனி காய்ந்த மண்ணில் 'டொப்' என்று அடித்தது. அந்தச் சத்தத்தை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். குக்கர் விசிலுக்கே ஒடுங்குகிறவள். ஒரே பாய்ச்சலில் வீட்டுக்குள் ஓடி, கட்டிலுக்கு அடியில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். குனிந்து பார்த்தேன். காது இரண்டும் பின்னால் படிந்து, முன்னங்கால் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஈரலை நீட்டினேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு நெடுநேரம் தரையில் படுத்து, கையை மட்டும் உள்ளே நீட்டி வைத்திருந்தேன். கடைசியில் என் உள்ளங்கையில் தாடையை வைத்தாள்.

அந்தப் பலகைக்குத் திரும்ப 12 நாள் ஆனது. முதல் நாள் பலகையை வெறுமனே தரையில் போட்டு, அதைப் பார்த்தாலே ஈரல். பிறகு ஒரு கால் வைத்தால். பிறகு நான்கு காலும். செங்கல்லை எடுத்துவிட்டு அடியில் ஒரு பைப் துண்டு வைத்தேன், நுனி விழும் இடத்தில் பழைய மெத்தை. சத்தமே வராது. அப்புறம் மெத்தைக்குப் பதில் மடித்த கோணிப்பை, பிறகு ஒற்றைக் கோணி. பன்னிரண்டாம் நாள் அவளே பலகை நுனியை முன்னங்காலால் அமுக்கித் தட்டினாள். 'டொப்.' என்னைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். சத்தத்தை உண்டாக்குவது தன் கால்தான் என்று அவளுக்குப் புரிந்த அந்த நொடியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு குக்கர் விசிலுக்கும் அவள் கட்டிலடிக்குப் போவது குறைந்தது. தலையைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் பார்ப்பாள், திரும்பப் படுத்துக்கொள்வாள்.

கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரியும் ஏ-ஃப்ரேம், ஏறி நடந்து இறங்கும் உயரப் பலகை இரண்டையும் நான் வீட்டில் செய்யவில்லை. சறுக்காத மேற்பரப்பும் அசையாத சட்டமும் இல்லாமல் நாயை ஆள் உயரத்துக்கு ஏற்றக்கூடாது. ஏறி இறங்கும் அந்தத் தடைகளின் இரு முனையிலும் வேறு நிறம், பெரும்பாலும் மஞ்சள், பூசியிருப்பார்கள். இறங்கும்போது ஒரு காலாவது அதில் பட வேண்டும், மேலிருந்து குதித்துவிட்டால் ஐந்து புள்ளி தண்டம். நாயின் தோளைக் காக்கும் விதி அது. அதற்கான பழக்கத்தை மட்டும் தரையில் கிடக்கும் பலகையில் செய்கிறோம்: பின்னங்கால் இரண்டும் பலகை மேல், முன்னங்கால் இரண்டும் மண்ணில், அப்படியே நிற்க வேண்டும்.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பங்குனி, சித்திரையில் ஆறு மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடித்துவிடுவோம். புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. நாக்கு அகன்று தொங்கி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் உடனே நிழல், உடம்பில் தண்ணீர், மருத்துவர். ஓட்டமே மூன்று நான்கு நிமிடம்தான், அப்புறம் இடைவெளி, மறுபடி மூன்று நிமிடம். அவள் இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்திவிடுவேன்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். அடுத்தது எது என்று நாய்க்கு எப்படித் தெரிகிறது?

மூன்று கம்பி, ஒரு டன்னல் வைத்துச் சின்னப் பாதை போட்டிருந்தேன். இரண்டாவது கம்பியைத் தாண்டியதும் நேரே மூன்றாவது கம்பி, டன்னல் வலப்பக்கம் தள்ளி. நான் "எகிறு, எகிறு" என்று கத்தினேன். அவள் டன்னலுக்குள் போனாள். மறுபடியும் டன்னல். மூன்றாவது தடவையும். காது கேட்கவில்லையா, வேண்டுமென்றே செய்கிறாளா என்று எனக்கு அலுப்பு வந்தது. அன்றைக்கு மகன் போனைச் செங்கல் மேல் சாய்த்து வைத்து வீடியோ எடுத்திருந்தான். ராத்திரி அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அவள் இரண்டாவது கம்பிக்கு மேல் காற்றில் இருக்கிறாள். என் வாய் "எகி" என்று திறக்கிறது. ஆனால் என் வலது கால் கட்டைவிரல் ஏற்கெனவே டன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது, தோளும் அதோடு சாய்ந்திருக்கிறது. மிளகின் கண் என் வாயில் இல்லை, என் காலில் இருக்கிறது. அவள் தரையில் இறங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டாள். மூன்று தடவையும் என் கால் சொன்னபடிதான் அவள் செய்திருக்கிறாள். தப்பாகச் சொன்னது நான்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபத்தாறு வயது. சின்ன வயதில் ஊரில் சிலம்பம் பழகியவர். வீடியோவை இன்னொரு முறை போடச் சொன்னார்.

"கண்ணு, உனக்குக் காலடி வரலை" என்றார். "எங்க வாத்தியார் மாசக்கணக்கா எங்க கையில கம்பே குடுக்கலை. வெறுங்கையோட காலடி மட்டும்தான். கம்பு எங்க போகுதுன்னு பாக்காதே, எதிராளி கால் எங்க திரும்புதுன்னு பாருன்னுவாரு. உன்ற நாய் அதைத்தான பாக்குது?"

"நானும் பழகோணும்னா சொல்லிக் குடுப்பீங்களாப்பா?"

"காலைல அஞ்சரைக்கு எந்திரி சாமி."

மறுநாளிலிருந்து மிளகைத் திண்ணையில் கட்டிவிட்டு, நாயில்லாமல் நான் மட்டும் மனையில் இறங்கினேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில். அஜிலிட்டியில் ஃப்ரன்ட் கிராஸ் என்று ஒன்று உண்டு: ஓடிக்கொண்டே நாய்க்கு முகம் காட்டித் திரும்பி, அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைப்பக்கம் மாற்றிக்கொள்வது. முகம் காட்டாமல் முதுகு காட்டி மாறினால் பிளைண்ட் கிராஸ். நாயை முன்னே விட்டு அதன் பின்னால் குறுக்கே போனால் ரியர் கிராஸ். ஆங்கில வீடியோவில் எத்தனை தடவை பார்த்தும் எனக்குக் கால் பின்னிக்கொண்ட ஃப்ரன்ட் கிராஸை, அப்பா மண்ணில் குச்சியால் நான்கு கோடு போட்டுக் காட்டினார். "இங்க ஊனு, இதுல திருப்பு, இந்தக் காலு இழுத்து வை, தோளு கடைசியா வரட்டும்." அவருக்கு அஜிலிட்டி என்ற சொல்லே அப்போது தெரியாது. ஆனால் திரும்புவது எப்படி என்று அவர் உடம்புக்குத் தெரியும். நாற்காலியை விட்டு எழுந்து அந்த நான்கு அடியை வைத்துக் காட்டினார். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், பூனை மாதிரி. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

இரண்டு மாதம் அந்தக் காலடியைப் பழகினேன். மிளகுக்கு அதே சமயத்தில் வீவ் கம்பங்கள், அதாவது வளைந்து வளைந்து ஓட வேண்டிய கம்ப வரிசை. போட்டியில் 12 கம்பம், 60 சென்டிமீட்டர் இடைவெளி, முதல் கம்பம் நாயின் இடது தோளோரம் இருக்கும்படி நுழைய வேண்டும், ஒன்றைக்கூட விடக்கூடாது. நாய்க்கு இயல்பாகவே வராத ஒரே தடை இதுதான் என்று சொல்லலாம். இரண்டே கம்பத்தில் தொடங்கி, எந்தக் கோணத்திலிருந்து அனுப்பினாலும் சரியான வாசலைத் தேடி நுழைகிறாளா என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த இரண்டைச் சேர்க்க வேண்டும். ஆறு கம்பத்துக்கு வர எங்களுக்கு ஐந்து மாதம். இன்னும் ஆறில்தான் நிற்கிறோம். முதுகெலும்பு நெளிவதால் நாளுக்கு நாலைந்து தடவைக்கு மேல் விடுவதில்லை.

போன ஐப்பசியில் ஒரு காலை. ராத்திரி பெய்த மழையில் மண் இறுகி, வழுக்காமல், நல்ல பதத்தில் இருந்தது. மூன்று கம்பி, குடம், டன்னல், மறுபடி இரண்டு கம்பி. எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, குரலே வரவில்லை. சரி, வாய் திறக்காமல் ஓடிப் பார்ப்போம் என்று தோன்றியது. மிளகை உட்கார வைத்துவிட்டு நடந்து போய் நின்றேன். தோளைத் தாழ்த்தி முதல் அடி வைத்ததும் கிளம்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று. குடத்தருகே இடது காலை ஊன்றித் திரும்பினேன், அவள் உடம்பு குடத்தை ஒட்டி வளைந்தது. கால் விரல் டன்னலைக் காட்டியது, கறுப்பு வால் உள்ளே மறைந்தது. அவள் வெளியே வருவதற்குள் நான் ஃப்ரன்ட் கிராஸ் போட்டு அந்தப் பக்கம் மாறியிருந்தேன். டன்னலிலிருந்து தலை நீட்டியதும் முதலில் என் காலைத்தான் தேடினாள். மீதி இரண்டு கம்பியும் விழவில்லை. அவள் மூச்சும் என் காலடிச் சத்தமும் தவிர அந்த மனையில் வேறு ஒலியே இல்லை.

மண்டியிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். டப்பாவில் இருந்த அத்தனை ஈரலையும் மண்ணில் கொட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஈரமண்ணில் பதிந்திருந்த என் கால் தடங்களை.

"குடத்துக்கிட்ட எடது காலு அரை நொடி லேட்டு கண்ணு. அதனாலதான் அது கொஞ்சம் அகலமாச் சுத்துச்சு" என்றார்.

மிளகு கடைசித் துண்டையும் நக்கி முடித்துவிட்டு, முதல் கம்பிக்கு முன்னால் போய்த் தானாகவே உட்கார்ந்துகொண்டு, என் காலைப் பார்த்தாள்.